யார் வீட்டுப் பழம்பெருமை?

சென்ற ஞாயிறன்று நாம் குடும்ப சகிதமாக முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா என்னும் பழங்கால வீடுகளின் கண்காட்சிக்குப் போய் வந்தோம். நமது துணைவியாரின் பெரியப்பா, தாம்பரத்தில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அவரும் கூட வந்தார். அவர் முதலில் திருநீர்மலைக்குப் போகலாமென்றே சொன்னார். மலை ஏறுவதுதான் விருப்பமென்றால் பல்லாவரத்து மலையே பக்கத்தில் இருக்கிறதே மாமா, அங்கேயாவது தெரிந்துகொள்ள நாலு சங்கதி உண்டு என்று நாம் சொல்ல, அவர் முகத்தைச் சுளிக்க, கடைசியில் ஒன்பது வயதுக் குழந்தையின் பிடிவாதம் ஜெயித்து முட்டுக்காடு என்று முடிவாயிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. 1984-இல் தொடங்கிய சென்னை கைவினைப் பவுண்டேஷனார், ஊர் ஊராகச் சுற்றி, இடித்து விற்கப்பட இருந்த வீடுகளை வாங்கி, தூண் தூணாகவும் ஓடு ஓடாகவும் பிரித்துக் கொண்டுவந்து கடற்கரை மணலில் மறுபடி நிறுத்தி, 1996-இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்கள். லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் திட்டம் போட்டுக் கொடுத்தார். செட்டிநாட்டு வியாபாரி வீடு, அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, நெசவாளர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரத்து வட்ட வீடு என்று நாலு நாட்டு வீடுகளையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். பர்மாத் தேக்குத் தூண்கள் கறிக்கடைக்கும் ஓட்டலுக்கும் போகாமல் காப்பாற்றப்பட்டது நல்ல காரியமே. நமது சண்டை வீடுகளோடு அல்ல. அவற்றைப் பார்க்க வருகிற நம்மவர்களின் வாயில் ஊறுகிற எச்சிலோடுதான்.

மாமா அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுதான் தாமதம், பிரசங்கம் ஆரம்பமாயிற்று. "பாத்தீங்களா மாப்ளே, அந்தக் காலத்துல ஒவ்வொருத்தனும் அவனவன் வீட்ல அவனவன் தொழிலைச் செஞ்சுக்கிட்டு எவ்வளவு ஒத்துமையா இருந்திருக்கான்! இப்பதான் ஜாதி ஜாதின்னு அடிச்சிக்கிறோம்." பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும், ஆமாம் பெரியவரே ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர், அந்தக் காலத்துத் திண்ணை வழிப்போக்கனுக்கென்றே கட்டியதாக்கும், அதுவல்லவோ தர்மம் என்று கூடவே ஒரு துண்டு போட்டார்.

வழிப்போக்கனுக்குத் திண்ணை, சரி. எந்த வழிப்போக்கனுக்கு? அக்கிரகாரத் தெருவுக்குள்ளேயே நுழையக் கூடாதென்று விலக்கப்பட்டிருந்தவன் அந்தத் திண்ணையில் எப்படி உட்கார்ந்திருப்பான்? வைக்கத்தில் கோவிலுக்குள் விடச் சொல்லியா சண்டை நடந்தது? கோவிலைச் சுற்றியுள்ள ரஸ்தாவில் மனிதனை நடக்க விடு என்று கேட்கவே 1924, 25 ஆகிய இரண்டு வருஷங்களில் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. தெருவுக்கே அந்தக் கதியானால் திண்ணையின் கதியைச் சொல்ல வேண்டுமா? ஒரு பழைய பெரிய வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று வரிசையாக இருக்கிறதே, இவை வெறும் அறைகள்தானா? ஒவ்வொரு படியும் ஒரு சட்டம். இன்னான் தெருமுனையோடு, இன்னான் வாசலோடு, இன்னான் ரேழியோடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கே மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புறம். கடைசியில் ஒரு சந்து. அது யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மலம் அள்ளுகிறவன் முன்வாசல் வழியாக வரக்கூடாது என்பதற்காகவே ஊர் முழுவதும் பின்பக்கம் சந்து விட்டுக் கட்டியவர்கள் அல்லவா நமது சிற்ப சாஸ்திர மேதைகள்! இதற்குத்தான் ஒற்றுமை என்று பெயர் என்றால், ஜெயிலில் ஒவ்வொரு கைதியும் அவனவன் அறையில் இருப்பதும் பெரிய ஒற்றுமைதான்.

நிற்க. குயவர் வீட்டுப் பக்கம் சக்கரம் சுற்றிக் காட்டுகிறார்கள். குழந்தை கையெல்லாம் களிமண்ணாக்கிக்கொண்டு ஒரு கோணல் கிண்ணம் செய்து முடித்தாள். அப்போதும் மாமாவுக்குப் பழம்பெருமை பொங்கிற்று: அந்தக் காலத்தில் மண்பானைச் சோறு தின்றதால்தான் திடகாத்திரமாக இருந்தார்களாம், எவர்சில்வர் வந்துதான் உடம்பு கெட்டதாம்.

மண்பானையில் சமைத்தவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டா சமைத்தார்கள்? 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. இவற்றோடு, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் ஒன்று! மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது. இதெல்லாம் யாரோ வேண்டாதவன் கட்டிவிட்ட கதையல்ல. 1931-ஆம் வருஷத்து ஜனக்கணிதக் கமிஷனராயிருந்த ஹட்டன் துரை தமது ஜாதியைப் பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிற சங்கதி. அதே 1931-இல்தான் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. இந்தப் பக்கம் மின்சாரத்தில் வண்டி ஓடுகிறது. அந்தப் பக்கம் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தால் வீடு எரிகிறது. நமது பொற்காலத்தின் யோக்கியதை இது.

மாமா இதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டார். ஆனால் அவரை நிஜமாகவே வாயடைத்தது நமது வாதமல்ல. வரிசையாக வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்த குழந்தை, அவர் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இதுல நம்ம வீடு எது?" என்று கேட்டுவிட்டாள்.

இது செட்டியார் வீடு, இது நெசவாளர் வீடு, இது அய்யர் வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தால், நம்ம வீடு எது என்று குழந்தை கேட்பது நியாயந்தானே? கிழவர் இரண்டு மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். "நம்ம வீடு இங்க இல்லம்மா" என்றார். "ஏன் தாத்தா, இன்னும் கொண்டு வரலியா?" என்றாள் அவள்.

பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, இத்தனை வருஷங்களில் நம்மிடம் சொல்லாத சங்கதியை அவர் சொன்னார். அவருடைய தகப்பனார் செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு பண்ணையாளின் மகன், தாமும் பண்ணையாள். சேரியில் பனை ஓலைக் குடிசை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த மனையும் அவர்களுடையதல்ல, பண்ணையாருடையது. ஒரு மழைக்காலத்தில் சுவர் கரைந்து விழுந்தபோது, பட்டணத்தில் வேலை செய்த பணத்தைக் கொண்டு நாலு ஓடு வாங்கிப் போடலாமென்று தகப்பனார் உத்தரவு கேட்கப் போனாராம். "ஓட்டு வீட்ல படுத்துக்கிட்டா அப்புறம் எவன்டா ஏர் கட்ட வருவான்?" என்று பதில் வந்ததாம். அந்த வருஷமே ஊரைவிட்டு ரயிலேறித் தாம்பரம் வந்தவர்தான். திரும்பிப் போகவில்லை. இப்பேர்ப்பட்ட தகப்பனாருக்குப் பிறந்தவர்தான் சற்று முன் அக்கிரகாரத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காலத்து ஒற்றுமையை மெச்சியவர்! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த வீட்டுப் பெருமையை நம் பெருமை என்று நம்பவைப்பதில்தானே அய்யா வருணாசிரமத்தின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது.

மாமா சொன்னது ஏதோ ஒரு வீட்டுக் கதையுமல்ல. 1843-இலேயே அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். ஆனால் கிட்டத்தட்ட அய்ம்பது வருஷம் கழித்து, 1891-இல், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையைப் பார்த்தால், அவர்கள் குடியிருந்த குடிசை மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்தது தெரியும். கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். அந்த அறிக்கையின் பேரில்தான் 1892-இல் அரசாங்கத்தார் 1010-ஆம் நம்பர் உத்தரவு போட்டு, தாழ்த்தப்பட்டார்க்கு நிலம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பஞ்சமி நிலமென்று இன்று சொல்லுகிறோமே அது. அந்த நிலமும் யார் யார் கைக்கோ போய்விட்டதென்று மீட்கக் கேட்டவர்கள் மேல் 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் மாண்டார்கள். அவர்கள் கேட்ட காரணை நிலம் முட்டுக்காட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். தேக்கும் கருங்கல்லும் உள்ள வீட்டைப் பிரித்து எடுத்துவந்து நிறுத்தலாம். பனை ஓலையையும் களிமண்ணையும் எங்கேயிருந்து பிரித்து வருவது? அது போன மழையிலே கரைந்துவிட்டது. அல்லது யாரோ கொளுத்திவிட்டான். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு 44 பேரை உள்ளே வைத்துக் கொளுத்தினார்களே, அதுவும் ஒரு குடிசைதான். உலகத்தில் எந்தக் கண்காட்சியானாலும் மிஞ்சினதைத்தான் வைக்க முடியும். மிஞ்சும்படி கட்டிக்கொள்ள யாருக்கு உத்தரவு இருந்ததோ அவன் வீடுதான் மிஞ்சும். மிஞ்சின வீட்டைப் பார்த்துவிட்டு இதுதான் நமது முன்னோர் வாழ்ந்த வாழ்வு என்று சொன்னால், அந்த நமது என்ற சொல் பொய்.

இடையில் ஒரு வேடிக்கை. அங்கே மண்குதிரைகளோடு அய்யனார் கோவில் ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நமது குழந்தை நம்மைப் பார்த்து, இது பார்க்க வைத்த சாமியா, கும்பிட வைத்த சாமியா என்று கேட்டாள். இரண்டும் ஒரே குயவர் செய்ததுதான் அம்மா, கும்பிட்டால் அது சாமி, பார்த்தால் இது பொம்மை என்றோம். அந்த அம்மாள் நம்மை முறைத்த முறைப்பில் குதிரையே பயந்திருக்கும்.

சில யோக்கியர்கள் கேட்கிறார்கள்: பழைய புண்ணை எதற்கய்யா கிளறுகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டியோடு நாலு நல்ல விஷயம் பார்க்கப் போன இடத்திலும் ஜாதிதானா என்று. அவர்களுக்கு நாம் அயல்நாட்டைக் காட்டுகிறோம். இம்மாதிரி வீடுகளைப் பிரித்து வந்து வைக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்தது ஸ்வீடன் தேசம். ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற இடத்தை ஹாசேலியுஸ் என்பவர் 1891-இல் திறந்தார். திரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே வருஷம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். அங்கே பிரபு வீடும் உண்டு. பண்ணைக் கூலிகள் ஒண்டியிருந்த வரிசை வீடும் உண்டு. அமெரிக்காவில் முதல் குடியேறிகளின் ஊர் என்று பிளிமத் என்னுமிடத்தில் ஒரு பழைய கிராமத்தை அமைத்து, அக்காலத்து உடை உடுத்தி ஆட்களையும் நடமாட விட்டார்கள். முதல் குடியேறி என்றால் அதற்கு முன் அங்கே இருந்தவன் யார் என்ற கேள்வி வந்தது. வாம்பனோவாக் என்னும் பூர்வகுடிகளின் இருப்பிடத்தையும் வைத்தார்கள்; 2020-இல் அந்த இடத்தின் பெயரோடேயே பூர்வகுடி ஊரின் பெயரான பட்டுக்ஸெட் என்பதைச் சேர்த்தார்கள். வில்லியம்ஸ்பர்க் என்று இன்னொரு ஊர். சுதந்தரப் போர்க் காலத்தில் அவ்வூர் ஜனத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பர்கள், அனேகமாக எல்லோரும் அடிமைகள். ஆனால் அதைப் பழைய ஊராகப் புதுப்பித்தவர்கள் நெடுங்காலம் கவர்னர் மாளிகையையும் சீமாட்டிகளின் பாவாடையையுமே காட்டிக்கொண்டிருந்தார்கள். 1994-இல் அதே தெருவில் ஒரு நாள் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். எதிர்ப்பு வந்தது, எதிர்த்தவர்களில் கறுப்பர் தலைவர்களே இருந்தார்கள், அவமானத்தை வேடிக்கையாக்கக் கூடாதென்று. அந்த எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அங்கே வாதம் எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றி. இங்கே நம்மவர்கள் செய்வது காட்டவே வேண்டாம், பேசவே வேண்டாம் என்ற வாதம்.

முதல் குடியேறி என்றதும் நினைவு வருகிறது. திருநீர்மலைக்குப் பதில் பல்லாவரம் போகலாமென்று நாம் சொன்னோமே, காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் உத்தியோகஸ்தர் பல்லாவரத்துப் பட்டாள மைதானத்தில் சரளைக்கல் தோண்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கோடரி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அந்தக் குழியிலிருந்துதான் ஆரம்பம். தாம்பரத்திலிருந்து ரயிலில் கால்மணி நேரம்கூட ஆகாத இடம்; திருப்பதிக்கு மொட்டை போடப் பல முறை போய்வந்த நமது தோழர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே வருஷம் செப்டம்பரில் அத்திரம்பாக்கத்தில் மேலும் கற்கருவிகளைக் கண்டார்கள். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். நம் பஞ்சாங்கக்காரர் கணக்குப்படியே பார்த்தால் 15 லட்சம் வருஷத்துக்கு முன் நடந்தது திரேதாயுகம். புஷ்பக விமானம் பறந்ததாகச் சொல்லுகிற யுகம்! மண்ணைத் தோண்டினால் விமானத்தின் ஒரு திருகாணியும் வரவில்லை. கல்லை உடைத்துத் தோல் உரித்தவனின் கோடரிதான் வருகிறது. அந்தக் கோடரிக்காரன் எந்த வருணம்? முகத்தில் பிறந்தவனா, காலில் பிறந்தவனா? நம் போன்ற மனித இனமே தோன்றி ஏறக்குறைய மூன்று லட்சம் வருஷந்தான் ஆகிறது என்கிறார்கள். ஆகையால் இந்த மண்ணின் முதல் குடி நாங்கள்தான் என்று ஜாதிச் சங்கத்துக்குச் சங்கம் மார்தட்டுகிறவர்களுக்கு முன்னாலேயே, மனித ஜாதியிலேயே வேறொன்று இங்கே குடியிருந்து போய்விட்டது.

அடுத்து இரத்தத்துக்கு வருவோம். 2013-இல் இந்திய ஜனக் கூட்டங்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் சொன்னது என்ன? சுமார் 4200 வருஷத்துக்கும் 1900 வருஷத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டார் வடக்கு தெற்கு, உயர்வு தாழ்வு என்றில்லாமல் பெருவாரியாகக் கலந்திருக்கிறார்கள். பிறகுதான் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே மணம் என்று கதவு சாத்தப்பட்டிருக்கிறது. கலந்த பிறகு பூட்டிய பூட்டு! இதை வைத்துக்கொண்டு பரிசுத்தம் பேசுவது, சாம்பாரை ஊற்றிப் பிசைந்த பிறகு சோற்றைத் தனியாகப் பொறுக்குகிற காரியமல்லவா?

சாயங்காலம் திரும்பினோம். சோழிங்கநல்லூர் தாண்டிப் பெரும்பாக்கத்துக்குள் வண்டி வந்ததும் எட்டடுக்குக் குடியிருப்புகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. காலையில் அதே வழியாகப் போனபோது நாமே கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்ளுகிறோம். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெருவாரியாகக் கொண்டுவந்து சேர்த்த இடம். அதற்கு முன்பே கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் வேறே. பட்டணத்தைக் கழுவித் துடைத்துக் கட்டிட வேலை செய்து வாழவைத்தவர்களை, பட்டணத்துக்கு அழகு போதாதென்று வெகு தூரத்துக்கு அப்பால் சதுப்பு நிலத்தோரம் தள்ளினார்கள். வேலை அங்கே, வீடு இங்கே. பள்ளிக்கூடம் பாதியில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ.

நமக்கு அப்போது பட்டதைச் சொல்லுகிறோம். ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரிக்கும்போது, எந்தத் தூண் எந்த இடத்தில் நின்றது, எந்த உத்தரம் எதன்மேல் உட்கார்ந்தது என்று பார்த்துப் பார்த்துத்தானே கொண்டுவர வேண்டும்? இல்லாவிட்டால் வீடு நிற்காது. இந்த மனிதர்களைப் பிரித்துக் கொண்டுவந்தபோது, யார் பக்கத்தில் யார் இருந்தார், எந்தக் கிழவியின் பிள்ளையை எவள் பார்த்துக்கொண்டாள், எந்தத் தெருமுனையில் எவனுக்கு இட்லிக்கடை இருந்தது என்று யார் கணக்கெடுத்தார்கள்? மரத்துக்குக் கொடுத்த மரியாதையை மனிதனுக்குக் கொடுங்கள் என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனமா? அன்றைக்கு மிராசுதார் மனையைக் காலி செய் என்றார். இன்றைக்கு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அன்றும் இன்றும் பெரும்பாலும் அதே ஜனங்கள்தான் மூட்டை கட்டுகிறார்கள்.

மாமா வண்டியின் ஜன்னல் வழியாக அந்தக் கட்டிடங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மேடவாக்கம் வந்ததும், "மாப்ளே, அந்த ஓலை வீடு எப்படி இருந்துச்சுன்னு நான் படம் போட்டுக் காட்டினா பாப்பா புரிஞ்சுக்குவாளா?" என்று கேட்டார். அன்று ராத்திரியே குழந்தையின் கணக்கு நோட்டில் பென்சிலால் போட்டுக் காட்டினார்: வாசல் இவ்வளவு உயரம், உறி இங்கே, அடுப்பு இங்கே, மழை பெய்தால் பாயை நகர்த்துவது இந்த மூலைக்கு. பண்ணையார் வீடு எங்கே தாத்தா என்று கேட்டாள். அது இந்தப் பக்கத்தில் வராது என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்குப் போவதாக ஏற்பாடு. பூட் துரை சேகரித்த கற்களை 1904-இல் அரசாங்கத்தார் விலை கொடுத்து வாங்கி அங்கேதான் சேர்த்தார்கள். அக்கம்பக்கத்துத் தோழர்கள் பிள்ளைகளோடு வருவதானால் காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் கூடலாம். மாமாவும் வருகிறார். திருநீர்மலை இம்முறையும் தள்ளிப்போயிற்று.